மண் பூச்சாடியில வெள்ளை படியுதா? தேய்க்க முதல் அது என்ன வெள்ளை எண்டு பாருங்கோ

மண் பூச்சாடி வாங்கிச் செடி வைச்சுக் கொஞ்ச மாசம் போக, வெளிப்பக்கத்தில விளிம்புக்குக் கீழயும் அடியிலயும் வெள்ளையா ஒரு படை கட்டத் தொடங்கும். யாரிட்டக் கேட்டாலும் "அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு, வினாகிரி போட்டுத் தேய்ச்சாப் போயிடும்" எண்டுதான் சொல்லுவினம். யாழ்ப்பாணத்தில கிணத்துத் தண்ணி ஊத்துற ஆளுக்கு அது சரியான பதில். கொழும்பில பைப் தண்ணி ஊத்துற எங்களுக்கு அநேகமாப் பொருந்தாது, அதாலதான் சாடியை வடிவாத் தேய்ச்சுக் கழுவி வைச்சாலும் திரும்ப அதே இடத்தில வெள்ளை வந்து நிக்கும், செடியிட இலை நுனியும் கருகிக் கொண்டே இருக்கும்.

ஏன் பொருந்தாது எண்டா, குடாநாட்டுக்கு அடியில இருக்கிறது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கித்தான் கிணத்துக்கு வருது, வரேக்க சுண்ணாம்பையும் கரைச்சுக் கொண்டு வருது, அங்க கேத்தில் அடியில செதில் கட்டுறது அதாலதான். கொழும்புக்கு வாற தண்ணி வேற. அம்பத்தளையில களனி ஆத்தில இருந்து எடுக்கிறது, தெற்குப் பக்கத்துக்குக் களு கங்கை, அதோட லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள். எல்லாம் மலைப்பக்கத்துக் கடும்பாறையில பெய்யிற மழை, அந்தக் கல்லு லேசில கரையாது, அதால தண்ணியில சுண்ணாம்பு குறைவு. சந்தேகமா இருந்தா உங்கட கேத்திலைத் திறந்து பாருங்கோ. மாசக்கணக்காப் பாவிச்ச கேத்தில் உள்ளுக்குச் சுத்தமா இருக்குதெண்டா, சாடியில இருக்கிற வெள்ளைக்குத் தண்ணியைக் குறை சொல்ல ஏலாது, அது வேற எங்கயோ இருந்து வந்திருக்கு. ஒரு விசயம், சில பிளாட்ஸில பூமரத்துக்கு ஊத்துற பைப் மட்டும் குழாய்க்கிணத்தில இருந்து வரும், வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைக் கரையோரமா இருக்கிற கிணறு சிலதில உவரும் இருக்கு, அதால குசினிப் பைப்பை வைச்சு மட்டும் முடிவெடுக்காமல் செடிக்கு ஊத்துற தண்ணி எங்க இருந்து வருதெண்டு கேட்டு வையுங்கோ.

வெள்ளை எப்பிடி வெளியில வருது எண்டது விளங்கினா மிச்சம் எல்லாம் லேசு. பூச்சு இல்லாமல் சுட்ட மண்சாடியிட சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளை. விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்தத் துளை மண்ணில இருக்கிற ஈரத்தை வெளிப்பக்கத்துக்கு இழுக்கும், வெளியில வந்ததும் தண்ணி ஆவியாப் போயிடும், தண்ணியில கரைஞ்சிருந்த உப்பு போக ஏலாமல் அங்கயே தங்கிடும். அப்ப சாடிக்கு வெளியில நீங்கள் பாக்கிறது உங்கட மண்ணுக்குள்ள இருக்கிற உப்பிட ஒரு பங்கு. இதே செடி பிளாஸ்ரிக் சாடியில இருந்தா அந்த உப்பு வெளியில வர வழியில்லாமல் மண்ணுக்குள்ளயே கிடந்து வேரைச் சுடும், நீங்கள் இலை கருகின பிறகுதான் கண்டுபிடிப்பீங்கள். மண்சாடி முன்னுக்கே காட்டித் தருது. வெளியில படிஞ்ச வெள்ளையால செடிக்குக் கெடுதல் இல்லை, உள்ளுக்கு மிஞ்சி இருக்கிறதுதான் கெடுதல், அதால சாடியைக் கழுவுறதுக்கு முதல் மண்ணைக் கழுவ வேணும். இதைத்தான் நான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுறது.

சரி, முதல்ல அது என்ன வெள்ளை எண்டு பாப்பம். காஞ்ச சாடியை எடுத்து நகத்தால சுரண்டுங்கோ. மயிர் மயிரா, பஞ்சா, ஊதினா ஆடுற மாதிரி இருந்தா அது பூஞ்சணம், கொழும்பு ஈரப்பதத்துக்குக் காத்தோட்டம் இல்லாத மூலையில வைச்ச சாடியில கட்டாயம் வரும், செடிக்குப் பெரிய தீமை இல்லை, துடைச்சுப் போட்டு தண்ணியைக் குறைச்சு காத்துப் படுற இடத்துக்கு மாத்தினாக் காணும். சாடியிட உள்பக்கம், இல்லாட்டி அடி ஓட்டையைச் சுத்தி, மெழுகுப் பொடியா வெள்ளை ஒட்டியிருந்து அதுக்குள்ள சின்னச் சின்னப் பூச்சி ஊர்ந்தா அது வேரில இருக்கிற மாவுப்பூச்சி, அந்தச் செடியை உடனை மற்றச் சாடிகளில இருந்து தள்ளி வையுங்கோ, அது வேற வைத்தியம்.

நகத்தில மொறுமொறு எண்டு பொடி வந்தா உப்பு அல்லது சுண்ணாம்பு. இப்ப அதில ஒரு இடத்தில தண்ணி தெளியுங்கோ. நனைஞ்சதும் வெள்ளை மறைஞ்சு சாடியிட செம்மண் நிறம் தெரியும், ஆனா அதை நம்பக்கூடாது, காஞ்சதும் திரும்ப வரும். ஈர விரலால ரெண்டு தரம் தடவ அந்த இடம் சுத்தமாகுதெண்டா கெதியாக் கரையிற உப்பு, அதாவது உரம், கடலுப்பு, தும்புச் சோத்தில (செடி மண்ணோட கலக்கிற தென்னந்தும்புத் தூள்) இருந்து வந்த உப்பு, இதில ஏதோ ஒண்டு. தடவியும் போகாட்டி அதில ஒரு துளி வினாகிரி விடுங்கோ. சுண்ணாம்பு எண்டா துளிக்குள்ள ஊசிமுனை அளவு குமிழி நிரை நிரையாக் கிளம்பும், சாடியைக் காதுக்குக் கிட்டக் கொண்டு போனா மெல்லிய சரசரப்பும் கேக்கும். குமிழி வராமல், தண்ணிக்கும் லேசில கரையாமல் பிடிவாதமா இருந்தா அது பெரும்பாலும் ஜிப்சம், சாடி செய்த களியில இருந்தே வந்திருக்கலாம், உரத்தில இருந்தும் வரலாம். ஜிப்சம் லீட்டர் தண்ணிக்கு ரெண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேலதான் கரையும், அதால அதுக்கு வினாகிரியில காசைக் கரைக்காமல் நாள்கணக்கில வெறும் தண்ணியில ஊறப் போடுங்கோ.

வெள்ளை எந்த இடத்தில இருக்கெண்டதும் கதை சொல்லும். அடியைச் சுத்தி வளையமா எண்டா தட்டில தேங்கிற தண்ணி. மேல் மண்ணிலயும் விளிம்பிலயும் எண்டா நீங்கள் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறீங்கள், தண்ணி அடி ஓட்டையால வெளியில போறதே இல்லை, அதால உப்பு மேலயே தங்குது. புதுச்சாடி முழுக்க மெல்லிசா எண்டா களியிட உப்பு. சீமெந்து நிலத்தில நேராக் குந்தியிருக்கிற சாடிக்கு சீமெந்தில இருந்தும் சுண்ணாம்பு ஏறும், ரெண்டு ஓட்டுத்துண்டோ கட்டையோ வைச்சுத் தூக்கி விடுங்கோ.

கடல் பாத்த பக்கம் மட்டும் வெள்ளை எண்டா அது காத்து கொண்டு வந்த கடலுப்பு. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் கடற்கரையோரம் பல்கனி இருக்கிற ஆக்களுக்கு இது தெரியும், தென்மேல் பருவக்காத்து காலத்தில யன்னல் கண்ணாடியே மங்கிப் போகும். இந்த உப்பில ஒரு குணம் இருக்கு, காத்தில ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல போனா அது காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத் தானே கரைஞ்சிடும். கொழும்பில கனக்க நாள் அதுக்கு மேலதான், அதால சாடியில வெள்ளை தெரியாது, காயாத இருண்ட ஈரத்திட்டு ஒண்டுதான் தெரியும். தை, மாசியில காத்து காஞ்சு வரேக்க அதே திட்டு வெள்ளையாகும். "மழைக்காலம் சாடி சுத்தமா இருந்தது, இப்ப திடீரெண்டு வெள்ளை" எண்டு சொல்லுற ஆக்களுக்கு அது திடீரெண்டு வந்ததில்லை, முதலே இருந்ததுதான்.

இப்ப மண்ணைக் கழுவுறது. காலமை செய்யுங்கோ, பின்னேரத்துக்குள்ள மிஞ்சின தண்ணி வடிஞ்சிடும். மேல் மண்ணில வெள்ளைப் பொருக்கு இருந்தா முதல்ல அரை அங்குலம் அளவுக்குச் சுரண்டி எடுத்துக் குப்பையில போடுங்கோ, இல்லாட்டி நீங்கள் ஊத்துற தண்ணியில அது கரைஞ்சு நேரா வேருக்குப் போகும். பிறகு சாடியைத் தட்டில்லாமல் குளியலறையிலயோ சிங்கிலயோ வைச்சு மெல்ல மெல்ல ஊத்துங்கோ. ஆறு அங்குலச் சாடிக்கு ஏறத்தாழ ரெண்டு லீட்டர் மண் பிடிக்கும் எண்டு வைச்சா, அதில ரெண்டு மடங்குக்குக் குறையாமல் தண்ணி போக வேணும், நாலு லீட்டர், ஏலுமெண்டா ஆறு. ஒரே மூச்சில ஊத்த வேண்டாம். முதல் லீட்டரை ஊத்திப் பத்து நிமிசம் விட்டா உப்புக் கரையும், அடுத்தது ஊத்தேக்க அது அடியால போகும். மண் காஞ்சு சுருங்கிச் சாடிச் சுவரை விட்டு விலகியிருந்தா ஊத்துறது எல்லாம் ஓரத்தால ஓடிப்போயிடும், நடுமண் நனையாது, அப்பிடி இருந்தா முதல்ல சாடியை அரைவாசி மூழ்க ஒரு வாளித் தண்ணியில வைச்சு மண் ஊதி வரவிட்டுப் பிறகு மேலால ஊத்துங்கோ.

அடியால வாற தண்ணி முதல்ல மண்ணிறமா வந்து பேந்து தெளிஞ்சிடும், ஆனா தெளிஞ்சதை வைச்சு உப்புப் போயிட்டுது எண்டு நினைக்கக் கூடாது, உப்புக்கு நிறம் இல்லை. செடி கனக்க வைச்சிருக்கிற ஆள் எண்டா தண்ணியில எவ்வளவு உப்புக் கரைஞ்சிருக்கெண்டு காட்டுற டி.டி.எஸ். மீற்றர் ஒண்டு வாங்கி வைக்கிறது பிரயோசனம். பைப் தண்ணியில ஒருக்கா வைச்சுப் பாருங்கோ, அடியால வடியிற தண்ணியில ஒருக்கா வைச்சுப் பாருங்கோ, ரெண்டு இலக்கமும் கிட்டக் கிட்ட வரும் வரைக்கும் ஊத்துங்கோ. மீற்றர் இல்லாட்டி மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா இந்தக் கழுவலைச் செய்தாலே காணும், உரம் கூடப் போடுற ஆக்கள் அதுக்கு முதலே செய்யலாம். மழைக்காலத்தில வேலை இன்னும் லேசு, மழைத்தண்ணியில உப்பு இல்லையெண்டே சொல்லலாம், கொழும்பில வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல அது சும்மா கொட்டுது. நல்ல மழை ஒண்டுக்குச் சாடிகளைத் திறந்த இடத்தில வைச்சு எடுத்தா மண்ணும் சாடியும் சேர்ந்து கழுவுப்படும், கற்றாழை, கள்ளி வகையை மட்டும் கன நேரம் விட்டு வைக்காதேங்கோ.

சாடியைச் சுத்தம் செய்யிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, அதை மாத்தினா வேலை ரெட்டிப்பு. செடியை எடுத்திட்டுச் சாடியை வடிவாக் காய விடுங்கோ, காஞ்ச பிறகு காஞ்ச தும்பு பிரஷ்ஷால வெள்ளையைத் தட்டி எடுங்கோ, தூள் வீட்டுக்குள்ள பறக்காமல் வெளியில வைச்சு. கனபேர் செய்யிறது முதல்ல தண்ணியில நனைக்கிறது. நனைச்சா கரையக்கூடிய உப்பு திரும்பத் துளைக்குள்ள போய் ஒளிச்சிடும், காய வெளியில வரும். கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பிச்சுருள் ஒண்டும் வேண்டாம், மண் கீறுப்படும், கம்பித்துண்டு ஒட்டியிருந்து துருப்பிடிச்ச புள்ளியும் வரும்.

தட்டின பிறகு வெறும் தண்ணியில முழுசா மூழ்க ஒரு நாள் போட்டு, தண்ணியை மாத்தி இன்னொரு நாள். அனேக சாடிக்கு இதோட வேலை முடிஞ்சிடும். மிஞ்சி நிக்கிறது வினாகிரிக்குக் குமிழி விட்டுதெண்டா மட்டும் வினாகிரிக்குப் போங்கோ. கடையில விக்கிற மலிவான வெள்ளைச் செயற்கை வினாகிரி காணும், தென்னை வினாகிரியைச் சமையலுக்கு வைச்சிருங்கோ. ஒரு கப் வினாகிரிக்கு மூண்டு நாலு கப் தண்ணி. சாடி ஏற்கனவே நனைஞ்சிருக்க வேணும், அப்பத்தான் துளை எல்லாம் தண்ணியால நிரம்பியிருக்கும், புளிப்பு உள்ளுக்குப் போகாமல் மேலயே வேலை செய்யும். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பிரஷ்ஷால தேய்ச்சு, குமிழி நிண்டதும் எடுத்துக் கழுவி, திரும்ப ஒரு இரவு நல்ல தண்ணியில போட்டு, வெய்யிலில ரெண்டு மூண்டு நாள் காயவிட்டுப் பிறகுதான் செடி.

தேசிக்காய் பாவிக்கலாம், சின்ன இடத்துக்கு. பெரிய சாடிக்கு வினாகிரிதான் நல்லம், வினாகிரியோட சேர்ந்த சுண்ணாம்பு தண்ணியில லேசாக் கரைஞ்சு போகும், தேசிக்காய்ப் புளிப்போட சேர்ந்தது அவ்வளவு லேசில கரையாது. பழப்புளி, கொறக்கா எல்லாம் பித்தளைக்குச் சரி, மண்சாடியில கறை பிடிக்கும். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒண்டாக் கலந்து நுரை பாக்கிறது கன வீடியோவில இருக்கு, ரெண்டும் ஒண்டை ஒண்டு அழிச்சு மிஞ்சுறது இன்னொரு உப்புத்தான், அந்த உப்பைச் சாடிக்குள்ள ஏத்தி வைக்கிறதுக்கா இவ்வளவு பாடு? கக்கூஸ் கழுவுற அசிட் கட்டாயம் வேண்டாம். வெள்ளை உடனை போகும், உண்மை, ஆனா சுண்ணாம்பு கல்சியம் குளோரைட்டா மாறித் துளைக்குள்ள இறங்கி வேருக்குக் காத்துக் கொண்டிருக்கும், சாடியும் கரையும். ப்ளீச்சையும் வினாகிரியையும் ஒரே வாளியில சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், காத்தோட்டம் குறைஞ்ச சின்னக் குளியலறையில அது உயிராபத்து.

செடியை எடுக்க ஏலாத பெரிய சாடி எண்டா காஞ்ச பிரஷ்ஷால தட்டி, பிழிஞ்ச ஈரத்துணியால துடைச்சு, துணியை அடிக்கடி அலசுங்கோ. அதோட விடுங்கோ.

இனி உப்பு எங்க இருந்து வருதெண்டதை அடைச்சா வேலை பாதியாகும். முதலாவது உரம். அல்பேர்ட் கரைசல், கலவை உரம் எல்லாம் உப்புத்தான், செடிக்குத் தேவையான உப்பு, செடி எடுத்தது போக மிச்சம் சாடியில. வீட்டுக்குள்ள வெளிச்சம் குறைஞ்ச இடத்தில இருக்கிற மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் மெல்லத்தான் வளரும், தோட்டத்துக்குச் சொன்ன அளவை அதுக்குப் போட்டா மிஞ்சத்தான் செய்யும். பைக்கெற்றில சொன்னதில பாதி அளவு, அதுவும் புது இலை விடுற காலத்தில மட்டும், காஞ்ச மண்ணுக்கு நேரா ஊத்தாமல் முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டிட்டு.

ரெண்டாவது தும்புச் சோறு. இதை அனேகம் பேர் கவனிக்கிறதில்லை. தென்னந்தும்பில இயற்கையாவே பொட்டாசியம் உப்பும் சோடியம் உப்பும் இருக்கு, உவர் தண்ணியில மட்டை ஊறப் போட்டு எடுத்த தும்பு எண்டா இன்னும் கூட. கட்டியா வாங்கினதை வாளியில ஊறவைச்சுப் பிழிஞ்சு, தண்ணியை ஊத்தி, திரும்ப ஊறவைச்சு, மூண்டு தரமாவது செய்து போட்டுத்தான் மண்ணோட கலக்க வேணும். புதுசா மாத்தி வைச்ச செடி, உரமே போடேல்லை, ஆனாலும் சாடி வெளுக்குது எண்டா முதல்ல இதைச் சந்தேகப்படுங்கோ.

மூண்டாவது குசினி. மீன் கழுவின தண்ணி, இறைச்சி கழுவின தண்ணி ஊத்தினா செடி செழிக்கும் எண்டு எங்கட வீடுகளில தலைமுறையா ஊத்துறது. வெறும் தண்ணியில கழுவினது எண்டா தோட்டத்துக் கறிவேப்பிலைக்கு ஊத்தலாம். நாங்கள் மீனை உப்பும் தேசிக்காயும் போட்டுக் கழுவுற ஆக்கள், அந்த ரெண்டாம் தண்ணியில சோடியம் நிரம்ப இருக்கு, சாடிச் செடிக்கு அது கூடவே கூடாது. அரிசி கழுவின தண்ணிக்குப் பயமில்லை, ஆனா வீட்டுக்குள்ள மணக்கும், பூஞ்சணமும் பிடிக்கும்.

தட்டில நிக்கிற தண்ணியை அரை மணித்தியாலத்தில கொட்டுங்கோ. அது மண்ணுக்குள்ளால உப்பை அள்ளிக் கொண்டு வந்த தண்ணி, விட்டா மண்சாடி அதைத் திரும்பக் குடிக்கும், நுளம்புக்கும் இடம், டெங்குக்கு வந்து பாக்கிற ஆக்கள் முதல்ல தூக்கிப் பாக்கிறதும் அந்தத் தட்டைத்தான்.

பத்தரமுல்லை, பெல்லன்வில பக்கம் நேர்சரியில புதுச்சாடி வாங்கினா நேராச் செடி வைக்காதேங்கோ. ஒரு நாள் தண்ணியில மூழ்க வையுங்கோ. போட்டதும் சுவர் முழுக்க இருந்து குமிழி வந்து கொண்டே இருக்கும், துளையில இருக்கிற காத்து வெளியேறுது, அது நிண்டா சாடி நிறையக் குடிச்சிட்டுது எண்டு அர்த்தம். களியில இருந்த உப்பில ஒரு பங்கும் அந்தத் தண்ணியோட போகும், செடி வைச்ச முதல் நாளே சாடி மண்ணிட ஈரத்தை இழுத்துக் குடிக்கிறதும் நிக்கும்.

வெளியில வார்னிஷ் அடிச்சா வெள்ளை வராதா எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். வெளிப்பக்கம் மட்டும் அடிச்சா உப்பு வார்னிஷுக்கு அடியில பளிங்காகி அதைத் தள்ளி உரிச்சுப் போடும், மண்ணும் சேர்ந்து உரியும். அடிக்கத்தான் வேணும் எண்டா உள்பக்கம் அடிக்க வேணும், அப்பிடி அடிச்சா மண்சாடி வாங்கின பிரயோசனம் போச்சு. வரவேற்பறைக்கு வடிவாத்தான் இருக்க வேணும் எண்டா செடியை அடியில ஓட்டை உள்ள பிளாஸ்ரிக் சாடியில வைச்சு அதை மண்சாடிக்குள்ள இறக்குங்கோ, உள்சாடியை வெளியில எடுத்து மண்ணைக் கழுவுறதும் லேசு, ஆனா அங்க உப்புச் சேர்றது கண்ணுக்குத் தெரியாது, நாள் குறிச்சு வைச்சுக் கழுவ வேணும்.

ஓர்க்கிட் வைச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சம் கூடக் கவனம். ஓட்டை போட்ட மண்சாடியில வேர் சுவரோட ஒட்டித்தான் போகும். வேர் வெள்ளைப் படையைத் தொட்ட இடத்தைப் பாருங்கோ, மற்ற இடமெல்லாம் சாம்பல் பச்சையா உருண்டையா இருக்க, அந்த இடம் மட்டும் மண்ணிறமாச் சப்பிப் போயிருக்கும், பச்சை வேர்நுனி அந்த இடத்துக்கு வந்ததும் கருகி நிண்டிருக்கும். ஒட்டின வேரைப் பிய்க்க வேண்டாம். சாடியோட வாளி மழைத்தண்ணியில கால் மணித்தியாலம் அமிழ்த்தி எடுத்து, தண்ணியை மாத்தி இன்னொருக்கா, கிழமைக்கு ஒருக்கா ஒரு மாசம் செய்தா புது நுனி திரும்ப விடும், உரம் அந்த மாசம் நிப்பாட்டி வையுங்கோ.

கன வருசம் உப்பு ஏறின சாடி விளிம்பில இருந்து செதில் செதிலா உரியத் தொடங்கும், துளைக்குள்ள உப்பு பளிங்காகி வளர்ந்து மண்ணைத் தள்ளுறதால வாறது, இனிக் கழுவி மீட்க ஏலாது. அதை உடைச்சு ஓர்க்கிட்டுக்குக் கரியோட ஓட்டுத்துண்டாப் போடலாம், ஆனா உடைச்ச துண்டுக்குள்ள இருக்கிறதும் அதே உப்பு. துண்டுகளை ஒரு கிழமை தண்ணியில போட்டு ஒவ்வொரு நாளும் தண்ணியை மாத்தி, காயவைச்சு, வெள்ளை பூக்கேல்லை எண்டு பாத்த பிறகு பாவியுங்கோ.